நிமிடத்துக்குத் தொண்ணூறு மில்லிமீட்டர்

குழித்துறையில் இறங்க வேண்டிய நான் பாறசாலையில் இறங்கினேன். ரயில் குழித்துறைக்கு வர வேண்டிய நேரத்தை நாட்குறிப்பில் குறித்து வைத்திருந்தேன். சரியாக அந்த நிமிடத்தில் ரயில் ஒரு நிலையத்தில் நின்றது. வெளியே கனத்த மழை. கடிகாரத்தைப் பார்த்து இறங்கினேன், ஊர்ப்பெயரைப் பார்க்கவில்லை. ரயில் பதினைந்து நிமிடம் தாமதம் என்பதும், நான் நிற்பது கேரளத்தில் என்பதும் அது போன பிறகுதான் தெரிந்தது.

ஆட்டோக்காரர் மலையாளத்தில் பேசினார். நான் புரிந்துகொண்டபடி அவர் சொன்னது இது: "வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி இறங்கறாங்க அம்மா. அவங்க புண்ணியத்துலதான் என் வண்டி ஓடுது." களியக்காவிளையில் கொண்டுபோய் விட்டார். எல்லையைக் கடந்தது கடைப் பெயர்களில் எழுத்து மாறியபோதுதான் தெரிந்தது. மனிதர்கள் பேச்சில் அப்படியொரு கோடு இல்லை. ஏத்தன் வாழைக்குலைகளை ஏற்றிய லாரிகள் வரிசையாக மழையில் நின்றன.

சாப்பாட்டுக் கடையில் புட்டும் பயறும் பப்படமும் வைத்தார்கள். கூடவே விரலளவு மட்டிப்பழம் நான்கு. பரிமாறியவர், "பழம் மதியா, இன்னும் வேணுமா?" என்றார். போதுமா என்று கேட்கிறார் எனப் புரிந்துகொள்ள ஒரு நொடி ஆயிற்று. எங்கள் கோவையில் சாப்பிட வந்தவரிடம் இத்தனை மெதுவாக யாரும் கேட்பதில்லை. மார்த்தாண்டத்தில் பேருந்து மாறி, வெள்ளி இரவு பத்தரை மணிக்குக் கருங்கல் விடுதியில் அறை எடுத்தேன். உடை நனைந்திருந்தது. பையில் இருந்த அளவுக் கருவி நனையவில்லை. இரண்டு நெகிழி உறைகளுக்குள் வைத்திருந்தேன்.

வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்ப்பது கோவையில் ஒரு வாட்டர்ஜெட் பட்டறையில். ஊசிமுனை அளவுத் துவாரம் வழியே பெரும் அழுத்தத்தில் தண்ணீரைப் பாய்ச்சி, அதில் கார்னெட் என்ற சிவந்த மணலைக் கலந்துவிட்டால் நாற்பது மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடும் அறுபடும். அறுபட்ட முகத்தின் மேல்பகுதி மழமழவென்றிருக்கும். கீழே போகப்போகக் கோடுகள் விழும். தண்ணீர்த் தாரை அடியில் பின்தங்குவதால் அந்தக் கோடுகள் பின்பக்கமாக வளைந்திருக்கும். வேகமாக வெட்டினால் கோடுகள் ஆழமாகும்; மெதுவாக வெட்டினால் ஆழம் குறையும்.

நான்கு ஆண்டுகள் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்தில் அளந்து, ஒரு கணக்கை உருவாக்கினேன். வேகம், அழுத்தம், மணலின் அளவு, ஆழம் இவற்றைக் கொடுத்தால் வெட்டு முகம் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று அது சொல்லும். திருப்பிப் போட்டால், முகத்தைப் பார்த்து வெட்டிய வேகத்தைச் சொல்லும்.

ஏழு வாரங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் தகடுகளைத் திருப்பி அனுப்பினார். அடிவிளிம்பு சீப்புப் பல் போல இருந்தது. வேலைத்தாளில் குறித்த வேகம் நிமிடத்துக்குத் தொண்ணூறு மில்லிமீட்டர். என் கணக்கு நூற்று முப்பது என்றது. இயந்திரத்தை ஓட்டியவர் எட்வின், எங்களிடம் பதினோரு ஆண்டுகள் இருந்தவர். "நான் வேகத்தக் கூட்டல்ல மேடம்" என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் பேசவில்லை. நான் அறிக்கை எழுதினேன். அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது, அதே சமயத்தில் வந்த மணல் மூட்டை ஒன்று மீதமிருந்தது. நானே அருகில் நின்று தொண்ணூறில் ஒரு துண்டு வெட்டச் செய்தேன். என் கணக்கு நூற்று இருபத்தெட்டு என்றது. வேறு மூட்டையைப் பிரித்து வெட்டினால் தொண்ணூறு. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

அறிக்கையை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் போனேன். "மணல்ல என்ன கோளாறுன்னு தெரியாம எதைங்க மாத்தி எழுதறது? வந்த இடத்தப் பார்த்துட்டு வாங்க" என்றார். சல்லடையில் சலித்துப் பார்த்தாயிற்று. மணியின் அளவு சரியாக இருந்தது. ஈரமும் இல்லை. அந்த மணல் கருங்கல் பக்கத்து யார்டிலிருந்து வந்தது. ஒருமுறை பயன்படுத்திய கார்னெட்டைப் பட்டறைகளிலிருந்து வாங்கி, கழுவி, உலர்த்தி, சலித்து மறுபடி மூட்டை கட்டுகிறார்கள்.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு யார்டுக்குப் போனேன். தென்னைகளுக்கு நடுவே சிமெண்ட் களம், தகரக் கொட்டகை, அதற்குள் அதிரும் சல்லடை. உரிமையாளர் ஸ்டெல்லாபாய்க்கு ஐம்பதை ஒட்டிய வயது. பன்னிரண்டு வருடம் குவைத்தில் வேலை செய்து திரும்பி இதைத் தொடங்கியவர். என்னைப் பார்த்ததும் சல்லடையை நிறுத்தினார்.

"கோயம்புத்தூர்லேருந்தா? தனியாவா வந்திய? மழையில நனைஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிய. மொதல்ல சாயா குடியுங்க."

தேநீரோடு வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. நாங்கள் அதைக் குச்சிக்கிழங்கு என்போம், பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பிவிடுவோம் என்றேன். "ஆலைக்கா! பாவம், உங்க ஊருக்காரங்களுக்கு வாய்க்கு ருசியா ஒண்ணும் கிட்டாதுபோல" என்றார். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

களம் முழுக்கத் தண்ணீர் நின்றது. இந்த மழையில் மணலை எப்படி உலர்த்துகிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "வாங்க, காட்டுதேன்."

களத்துக்குப் பின்னால் செங்கல் சுவர் வைத்த ஓர் அறை. கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. மேலே மூங்கில் கழிகளில் ரப்பர் ஷீட்டுகள் துணி போலத் தொங்கின. தரையில் ஒரு குழியில் விறகும் தேங்காய்ச் சிரட்டையும் கனன்றன. ஷீட்டுகளுக்குக் கீழே, தகரத் தட்டுகளில், கார்னெட் மணல்.

"பக்கத்து ரப்பர் விளைக்காரருக்க புகைப்புரையாக்கும். ரப்பர் ஷீட்டு உணக்கதுக்குள்ளது. வாடகைக்கு எடுத்திருக்கேன். ரெண்டு மழையும் அடிக்க ஊரு இது, வெயில நம்பி இருக்க முடியுமா? மூணே நாளு, ஒரு பொட்டு ஈரம் இருக்காது. போன வருசம் ஈரம் இருக்குன்னு உங்க கம்பெனிலேருந்து ஒரு கடுதாசி வந்துது. ஈரம் கண்டா லோடு திரும்பி வரும்னு அடியில கோடு போட்டு எழுதியிருந்தாவ. அதுக்குப் பொறவுதான் இந்த வழி கண்டுபிடிச்சேன்."

அந்தக் கடிதத்தை எழுதியது நான். அடிக்கோடு இட்டதும் நான்.

மணலை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தேன். உலர்ந்துதான் இருந்தது. ஆனால் விரலில் மெல்லிய பிசுக்கு ஒட்டியது, முகர்ந்தால் புகை நாற்றம். பட்டறையில் மூட்டையைப் பிரித்தபோதும் இதே நாற்றம் வந்தது. சாக்கின் வாடை என்று நினைத்திருந்தேன்.

வெயிலில் உலர்த்திய பழைய மூட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு இருந்தன. தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் அடியை அறுத்துப் புனலாக்கி, மூடியில் ஆறு மில்லிமீட்டர் துளை போட்டேன். அரைக் கிலோ மணல் இறங்க ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தோம். வெயில் மணல் ஒரே கயிறாக விழுந்தது: அறுபத்திரண்டு நொடி. புகைப்புரை மணல் விழுந்தது, தயங்கியது, நின்றது, தட்டியதும் மறுபடி விழுந்தது: எண்பத்தொன்பது நொடி. ஒவ்வொன்றையும் பத்து முறை செய்தேன்.

ஸ்டெல்லாபாய்க்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. "இதென்ன, பிள்ளைய மண்ணு அளந்து வெளயாடுத மாதிரி!" ஆறாவது முறைக்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"மணலு மக்கர் பண்ணுது, இல்லியா?"

"ஆமாங்க. மணிமேல புகைப்பிசின் படிஞ்சிருக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது."

நாட்குறிப்பைத் திறந்து கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மணலின் அளவு என்ற இடத்தில் இதுவரை இயந்திரத்தின் திரையில் தெரியும் எண்ணை அப்படியே எழுதி வந்திருக்கிறேன். உண்மையில் எவ்வளவு இறங்குகிறது என்று ஒருநாளும் எடை போட்டதில்லை. இப்போது குறைந்த அளவை எழுதினேன். விடை தொண்ணூற்றொன்று. மணல் குறைந்தாலும் வேகம் கூடினாலும் அடியில் விழும் கோடு ஒன்றுபோலவே இருக்கும். நான்கு ஆண்டுகள் அளந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

"இதுனால அங்க ஏதும் கொழப்பம் ஆச்சா?" என்று கேட்டார் ஸ்டெல்லாபாய். நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "ஆயிருந்தா எனக்க தம்பி சொல்லியிருப்பானே. அவன் உங்க கம்பெனியிலதான் மெஷின் ஓட்டுதான். எட்வின். தெரியும்லா? ரெண்டு மாச லீவுல வந்திருக்கான். பெண்டாட்டி வீடு திருவட்டாறுல, அங்கதான் இருக்கான்."

தெரியும் என்றேன். மீதிக் கிழங்கை இலையில் மடித்துக் கொடுத்தார். விடுதிக்கு நடந்தே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருவட்டாறு பேருந்து வழியில் நின்றுவிட்டது. குறுக்கே ஒரு ரப்பர் மரம் விழுந்து கிடந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினார். "மரத்துக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரிஞ்சிருக்கு, கெடந்து ஒறங்குது" என்றார். யாரோ அரிவாள் கொண்டு வந்தார்கள். பயணிகளே கிளைகளை வெட்டி இழுத்தார்கள். நாற்பது நிமிடத்தில் வழி கிடைத்தது.

எட்வின் தேவாலயத்துக்குப் போயிருப்பதாக அவர் வீட்டில் சொன்னார்கள். ஆராதனை முடியும்வரை நேரம் இருந்ததால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பள்ளிகொண்ட பெருமாளை ஒரே பார்வையில் முழுதாகக் காண முடியாது. மூன்று வாசல்கள் வழியாகப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். மூன்றிலும் நின்றேன். என்ன வேண்டினேன் என்று நாட்குறிப்பில் எழுதவில்லை.

பதினொன்றேகாலுக்குத் தேவாலயத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். எட்வின் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில், கையில் வேதப் புத்தகத்தோடு வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். முதலில் கேட்டது இதுதான்:

"அக்காகிட்ட சொன்னியளா?"

"இல்லை."

"நல்லது. சொல்லாண்டாம்."

மதில் ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றோம். புனலில் பார்த்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார், புதிதாக எதையும் கேட்பவர் போல இல்லை.

"அந்த மூட்டையப் பிரிச்ச அன்னைக்கே எனக்கு மணம் தெரியும் மேடம். எங்க வீட்டு ஷீட்டும் புகைப்புரையிலதானே உணங்குது. அக்கா இந்தச் சோலி செஞ்சிருக்கான்னு அப்பமே மனசிலாச்சு."

"பின்னே ஏன் சொல்லலை? நான் நேருக்கு நேரா கேட்டேனே."

"சொன்னா அக்காக்க யார்டு போவும். சொல்லாட்டா எனக்க பேரு போவும். பேரு எனக்கதுதானே? நான் என்ன வேணும்னாலும் செய்யலாம்."

அவர் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"ஆனா ஒண்ணு. காலக் கூட்டத்துல இருபத்தாறு பேருக்க முன்னால நீங்க அத வாசிச்சிய பாத்தியளா, எட்வின் வேகத்தக் கூட்டி வேலையக் கெடுத்தான்னு. இங்க சபையில அறிக்க வாசிச்சாதான் எதுவும் எல்லாருக்கும் ஆச்சுன்னு அர்த்தம். கல்யாணம்னாலும், மரிப்புன்னாலும். காயிதத்துல திருத்தி பைலுல வச்சா எனக்குக் காணாது. வாசிச்சது வாசிச்சுத்தான் போகணும்."

"வாசிக்கிறேன். நாளைக்குக் காலைக் கூட்டத்துலயே, போன் வழியா வாசிக்கிறேன்."

"அக்காக்க பேரு வரப்பிடாது."

"மணலைச் சொல்லாம முடியாது எட்வின்."

நெடுநேரம் பேசி ஒரு வாக்கியத்துக்கு வந்தோம்: மணலில் ஏற்பட்ட மாற்றத்தால் கணக்கில் பிழை நேர்ந்தது. அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். வாசிக்கும்போது தானும் கேட்க வேண்டும் என்றார். யார்டில் எனக்கு மாதிரி மணல் எடுக்கிற வேலை இருந்தது. மாதிரி எடுக்க உதவுவதாகச் சொல்லி அங்கே வருகிறேன் என்றார். "அக்கா சல்லடய ஓட்டிக்கிட்டு இருப்பா, அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது" என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு இருவரும் தகரக் கொட்டகைக்குள் நின்றோம். மழை முந்தைய நாளைவிடக் கூடுதல். மின்சாரம் இல்லை, சல்லடை ஓடவில்லை. ஸ்டெல்லாபாய் எங்களிடமிருந்து ஏழெட்டு அடி தள்ளி மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். எட்வின் என்னைப் பார்த்தார். காத்திருக்கலாமா என்று சைகையில் கேட்டேன். அதற்குள் கைப்பேசி ஒலித்தது. எங்கள் மேற்பார்வையாளர் கதிர்வேல்.

"எல்லாரும் நிக்கறாங்கக்கா. ஒலிபெருக்கில போட்டிருக்கறேன். வாசியுங்க."

குரலைத் தாழ்த்தி வாசித்தேன்: "எட்வின் அவர்கள் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டவில்லை. மணலில் ஏற்பட்ட மாற்றத்தால் கணக்கில் பிழை நேர்ந்தது. ஆகவே அவர்மீது வாசிக்கப்பட்ட அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது."

"அக்கா, மழைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலைங்க. எட்வின்னு மட்டுந்தான் கேட்டுச்சு. இன்னொருக்கா வாசியுங்க."

ஏழெட்டு அடி தூரத்தில் கேட்டிருந்தது. ஸ்டெல்லாபாய் தையலூசியை மூட்டையிலேயே குத்தி நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"எந்த அறிக்க? லே எட்வினே, உனக்க மேல என்னல வாசிச்சாவ?"

"ஒண்ணும் இல்லக்கா."

"லீவுன்னு பறைஞ்சியேல! ஞாயித்துக்கிழம தோறும் எனக்க முன்னால இருந்து சோறு தின்னுட்டு லீவு லீவுன்னு பறைஞ்சியேல!"

ஸ்டெல்லாபாய் என் பக்கம் திரும்பினார். சனிக்கிழமை கடிகாரம் பிடித்து நின்றவர் அவர், விளக்கம் தேவைப்படவில்லை.

"எனக்க மணலுதானே?"

"ஆமாங்க."

"பின்ன மாற்றம்னு என்ன வாசிக்கிய? தானா மாறிச்சா அது? புகைப்புரையில உணக்கினதுன்னு வாசியுங்க. உணக்கினது நானாக்கும்னு வாசியுங்க. அவனுக்க பேரச் சத்தமா வாசிச்சிய இல்லியா? எனக்கதையும் அதே சத்தத்துல வாசியுங்க."

"அக்கா, ஆர்டரு போவும்" என்றார் எட்வின்.

"போனா போட்டும். நீ ஒண்ணும் பேசாத. உனக்குப் பேசத் தெரியல்ல, அதாக்கும் இவ்வளவும்."

கைப்பேசிக்குள்ளிருந்து கதிர்வேல், "அக்கா, இருக்கீங்களா?" என்றார்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். எழுதி வைத்ததைத்தான் என்னால் எப்போதும் வாசிக்க முடியும். எழுதாததை இருபத்தாறு பேர் முன் பேசியதில்லை. மழைக்கு மேலே கேட்கும்படி, ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"எட்வின் வேகத்தைக் கூட்டவில்லை. தாளில் இருந்தபடி தொண்ணூறிலேயே ஓட்டினார். மணல் ரப்பர் புகைப்புரையில் உலர்த்தப்பட்டதால் பிசின் ஏறி, குறைவாக இறங்கியது. உலர்த்தியவர் கருங்கல் ஸ்டெல்லாபாய். ஈரம் கண்டால் திருப்பி அனுப்புவோம் என்று எழுதி, அவரை அந்த வழிக்குப் போக வைத்தது நான். இறங்கிய மணலை ஒருமுறைகூட எடை போடாமல் கணக்குப் போட்டதும் நான். அந்தக் கணக்கை நம்பி எட்வின் பெயரை உங்கள் முன் வாசித்ததும் நான், சுகுணா. அவர் சொன்னதுதான் உண்மை."

இந்த முறை கேட்டதா என்று நான் கேட்டேன்.

"கேட்டுச்சுங்கக்கா" என்றார் கதிர்வேல். பிறகு குரல் சற்று மாறி, "எட்வின் பக்கத்துல இருக்காருங்களா? முதலாளியும் இங்கதான் நிக்கறாரு. எப்ப வர்றார்னு கேக்கறாரு."

கைப்பேசியை நீட்டினேன். எட்வின் வாங்கவில்லை. ஸ்டெல்லாபாய் அதற்குள் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கியிருந்தார். புகைப்புரையின் கதவு திறந்து புகை வெளியே வந்தது. முதல் தட்டைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்தார். ஒருபக்கம் சாய்ந்து மணல் சிந்தியது. எட்வின் வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடிப்போய்த் தட்டின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் அதைக் கொட்டகைக்குள் கொண்டு வந்து இறக்கினார்கள். உள்ளே இன்னும் பதினேழு தட்டுகள் இருந்தன.

"என்ன சொல்லட்டும் எட்வின்?" என்றேன். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

முகத்திலிருந்த மழைநீரைத் தோளில் துடைத்துக்கொண்டு அவர் களத்தைப் பார்த்தார். அங்கே கணுக்கால் அளவு தண்ணீர்.

"வெயிலு வரட்டும். அக்காக்க மணலு உணங்கின பொறவு வாறேன்னு சொல்லுங்க."